ஒரு குரலும் ஓர் இயக்கமும்: ஹேமந்த முகர்ஜி – சலில் சௌத்ரி கூட்டுறவு பற்றிய ஒரு நோக்கு

பாடகரையும் இசையமைப்பாளரையும் தனித்தனி மேதைகளாகப் போற்றுவது இசை விமரிசனத்தின் நீண்டகால வழக்கமாகும். அவர்களது திறமைகள் எந்தச் சமூகத் தேவையினால் ஒன்றிணைந்தன என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வங்காளத் திரையிசைப் பாடகர் ஹேமந்த முகர்ஜி (1920–1989), கவிஞரும் இசையமைப்பாளருமான சலில் சௌத்ரி (இறப்பு 1995) ஆகியோரின் கூட்டுறவை ஆராய்வோர் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இக்கூட்டுறவின் பகைப்புலம் 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சமாகும். அதில் மடிந்தோர் சுமார் 30 இலட்சம் என மதிப்பிடப்படுகின்றனர். அதே ஆண்டு தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றமே இருவரையும் நெருங்கச் செய்தது. சலில், அஸாம் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவராயிருந்தவரின் மகன். தந்தையாரின் மேனாட்டு இசைத்தட்டுகளையும் தோட்டத் தொழிலாளரின் பாடல்களையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர். ஹேமந்தரோ 1937 முதல் இசைத்தட்டுகளிற் பாடிவந்தவர்; ரவீந்திர சங்கீதத்திற் பண்பட்ட அவரது குரல் நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தின் செவிக்கு உகந்ததாயிருந்தது.

1949இல் வெளிவந்த 'காயேர் போது' (கிராமத்து மணமகள்) இக்கூட்டுறவின் முதற் பெருஞ் சாதனையாகும். நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் நிரப்பிய இப்பாடல், நிறைவான குடியானவர் இல்லமொன்று பஞ்சத்தினாற் சிதைவதைக் கதையாகக் கூறுகின்றது. பல்லவிக்கு மீண்டும் மீண்டும் திரும்பும் வழமையான அமைப்பு இங்கு கைவிடப்பட்டுள்ளது. கதையோட்டத்துக்கேற்ப நடையும் வேகமும் மாறுகின்றன. பாழான வீட்டிற்கு முன்னைய நிலை மீள்வதில்லை. ஆகவே மெட்டும் மீள்வதில்லை. உள்ளடக்கம் உருவத்தை நிர்ணயிப்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டை நாம் எதிர்கொள்ள வேண்டும். மேற்கு வங்காளத்திற் கம்யூனிஸ்ட் கட்சி 1948இல் தடைசெய்யப்பட்டது. மக்களியக்கத்தில் உருவான கலைஞரின் பாடல் அத்தகைய காலத்தில் வர்த்தக இசைத்தட்டின் மூலமே பரவியது. விற்பனைப் பண்டமானதனால் அதன் கூர் மழுங்கிற்றா? ஒரு வகையில் ஆம் என்றே கூறவேண்டும். பஞ்சத்தைக் கொணர்ந்த சக்திகள் அப்பாடலிற் புராணப் பேய்களாகவே உருவகிக்கப்படுகின்றன. போர்க்கால ஆட்சியின் கொள்கைகளும் பதுக்கல் வியாபாரிகளும் பெயர் சுட்டப்படவில்லை. ஆயினும், 1943இற் பட்டினியால் வாடியோர் கல்கத்தாவின் வாசல்தோறும் நின்று இரந்தது சோற்றை அன்று, வடிகஞ்சியையே என்பதை நினைவுகூர்தல் தகும். அன்று மூடியிருந்த கதவுகளுக்குள், ஆறாண்டுகளின் பின் அவர்களது துயரம் ஹேமந்தரின் குரலாக நுழைந்தது. அவ்வீட்டினர் தமதெனக் கருதிய குரல் அது. எனவே அதனை வெளியே நிறுத்த அவர்களால் இயலவில்லை.

முன்னைய குறைபாட்டைப் பின்வந்த ஆக்கங்கள் பெருமளவு நிவர்த்தி செய்தன. இருபது வயதிற் காசநோயால் 1947இல் மறைந்த பொதுவுடைமைக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யாவின் 'ரன்னர்' (அஞ்சலோட்டக்காரன்) என்ற கவிதைக்குச் சலில் இசையமைக்க, ஹேமந்தர் பாடினார். பிறரது பணப்பொதியைச் சுமந்து இரவெல்லாம் ஓடும் அத்தொழிலாளி அதைத் தொடமுடியாத பட்டினியாளன். அவன் ஊர் கடந்து ஊர் செல்கையில் ஆதார சுருதியும் இடம்பெயர்ந்துகொண்டே செல்கின்றது. சத்யேந்திரநாத் தத்தரின் கவிதையிலமைந்த பல்லக்குப் பாடலிலும் தூக்குவோரின் காலடியே தாளமாகின்றது. பேய்களுக்குப் பதிலாக உழைப்பே இப்பாடல்களின் பொருளாகின்றது. ஹேமந்தர் குரலை உணர்ச்சி ததும்ப உயர்த்துவதில்லை. அந்நிதானமே ஓடுபவனின் மூச்சைக் கேட்போருக்கு உணர்த்துகின்றது.

பின்னர் இருவரும் பம்பாய்த் திரையுலகிலும் புகழ் பெற்றனர். மட்டக்களப்பிற் பிறந்த பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) திரைப்படத்துக்கு இசையமைத்ததன் வாயிலாகத் தமிழ் இரசிகர்களும் சலிலை அறிவர். ஆயின், இனிய மெட்டுகளின் ஆசிரியராக மட்டும் அவரையும், இனிய குரலாக மட்டும் ஹேமந்தரையும் நினைவுகூர்வது வரலாற்றை நீக்கிவிட்டு இசையை வைத்திருப்பதாகும். ஓர் இயக்கம் இருவரையும் இணைத்தது. அவ்விணைப்பு, இயக்கம் சென்றடைய முடியாத இடங்களுக்கும் பஞ்சத்தின் நினைவைக் கொண்டுசென்றது. மக்கள் கலைக்கும் வெகுசனச் சாதனங்களுக்குமிடையிலான உறவை ஆராய்வோர் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.