சுழலும் எண்தட்டின் மோகம்

பழம்பொருள் சேர்ப்போரைக் கண்டு நகைத்த காலம் எமக்கும் இருந்தது. புறக்கோட்டையில் பழஞ்சாமான் கடையொன்றிற் கருநிறப் பேக்கலைற் தொலைபேசி ஒன்றை வாங்கிய அன்றே அந்நகைப்பு அடங்கிற்று. இன்று எமது அலுமாரியில் அதன் சோதரங்கள் 9. ஆடைகளுக்கு இடமில்லை என்பது இல்லாளின் முறைப்பாடு.

அதன் எண்தட்டைச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். எத்துணை அவசரமாயினும் அது தன் வேகத்திலேயே மீளும். உள்ளேயுள்ள சிறு கருவி வில்லின் விசையை அடக்கி, வினாடிக்கு ஏறத்தாழ 10 துடிப்புகள் வீதம் செல்லச் செய்கின்றது. பெரும்பாலான நாடுகளில் ஐந்துக்கு 5 துடிப்புகள், பூச்சியத்துக்கு 10.

துடிப்புகளைக் கொண்டு இணைப்பு ஏற்படுத்தும் தானியங்கிப் பொறிக்கு 1891 இல் காப்புரிமை பெற்றவர் பொறியியலாளர் அல்லர். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் மலர்ச்சாலை நடத்திய அல்மன் ஸ்ரௌஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்புகின்றார் என்ற மனத்தாங்கலே அவரைத் தூண்டியது என்பர். எண்தட்டு அதன் பின்னரே பிறந்தது.

இம்மோகத்தில் நாம் இழைத்த பிழையொன்றும் உண்டு. தட்டின் நடுவே பழைய உரிமையாளரின் எண் எழுதிய அட்டை இருக்கும். முதற் கருவியை அழகுபடுத்தும் ஆவலில் அதனை எறிந்து, புதியதொன்றை இட்டோம். மங்கிய மையிலிருந்த 4 இலக்கங்கள் குப்பையோடு போயின. அவ்வெண்ணை நாடி எத்தனை மங்கலச் செய்திகளும் இழவுச் செய்திகளும் அவ்வீட்டை எட்டினவோ! அது எவர் வீடென அறியவும் இனி வழியில்லை.

அன்றுமுதல் தூசு துடைப்பதோடு நின்றுவிடுகின்றோம். வாசக அன்பர்களே, பழையதை மினுக்குங்கள். அதன் நினைவை அழித்துவிடாதீர்கள்.