தண்டவாளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?



ரயில் என்றதும் நம் எல்லோர் கண்ணிலும் முதலில் நிற்பது எஞ்சின்தான். மெக்கானிக்கல் நண்பர்களைக் கேட்டால் குதிரைத்திறன் கணக்குச் சொல்வார்கள். எலக்ட்ரிக்கல்காரர்கள் தலைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியைக் காட்டுவார்கள். சிவில் படிக்கிற நான் உங்களைக் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்கிறேன். ரயிலைத் தாங்குவது தண்டவாளம் மட்டும் அல்ல, அதற்கு அடியில் இருப்பதுதான். இதை நமக்குச் சொல்லித்தர நம்ம அரியலூரை விட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் அந்தப் பாடத்துக்கு அந்த ஊர் கொடுத்த விலை ரொம்பப் பெரிது.

முதலில் கொஞ்சம் பழங்கதை. தண்டவாளம் பிறந்தது மனிதர்கள் பயணம் போக அல்ல; கல், கரி, இரும்பு சுமக்க! பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்ஃபில் பகுதியில் இரும்பாலைகள் நிறைய இருந்தன. அங்கே வார்ப்பிரும்புப் பட்டைகளைப் பதித்து, அதன்மேல் குதிரைகளை வைத்து வண்டி இழுத்தார்கள். அதற்கு 'டிராம் ரோடு' என்று பெயர். 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளர் அந்தப் பாதையில் ஒரு நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். 10 டன் இரும்பையும் ஏறக்குறைய 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு 9 மைலுக்கு மேல் போனது. உலகத்தில் தண்டவாளத்தில் சுமை இழுத்த முதல் நீராவி எஞ்சின் அதுதான்.

ஆனால் என்ன ஆச்சு? எஞ்சின் ஜெயித்தது, பாதை தோற்றது! எடை தாங்காமல் வார்ப்பிரும்புப் பட்டைகள் உடைந்தன. பழையபடி குதிரையையே பூட்டிவிட்டார்கள். ரயிலின் முதல் நாளிலேயே கிடைத்த பாடம் இது.

நம் தமிழ்நாட்டிலும் முதலில் கல்தான் ரயில் ஏறியது. 1837-இல் சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து, சாலை போடுவதற்கான கல் கொண்டுவர ஒரு சிறு இருப்புப்பாதை போட்டார்கள். அதன் பின்னணியில் இருந்தவர், திருச்சி முக்கொம்பில் மேலணை கட்டிய அதே ஆர்தர் காட்டன்! பம்பாய்–தானா பயணிகள் ரயில் வந்தது 1853-இல். நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது 1856-இல்.

அரியலூர் கதை இதற்கு நேர் தலைகீழ். இங்கே முதலில் வந்தது பயணிகள் ரயில், பிறகுதான் கல் வேலை. சென்னையிலிருந்து திருச்சிக்கு அப்போது கடலூர், மாயவரம், தஞ்சாவூர் என்று சுற்றித்தான் போகணும். அந்தச் சுற்றைக் குறைக்க, தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை போட்டது. 1920-களின் கடைசியில் அது முடிந்தது. இதைத்தான் 'கார்டு லைன்' என்கிறோம். பாதை வந்த பிறகு, பக்கத்திலேயே கிடக்கும் சுண்ணாம்புக்கல் விலை பெற்றது. 1939-இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. (அந்த ஊர்ப் பெயருக்காக 1953-இல் இதே தண்டவாளத்தில் தலைவைத்துப் போராட்டம் நடந்தது தமிழகமே அறிந்த கதை.) 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை, அப்புறம் வரிசையாகத் தனியார் ஆலைகள்!

இப்போது அந்தச் சோகத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 23. அடைமழைக் காலம். சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், விடியற்காலை இருட்டில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. ஆற்றில் பெருவெள்ளம். பாதையைத் தாங்கி நின்றதை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்து நடந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது. டெல்லியில் ஒரு நாற்காலியை அசைத்தது நம்ம ஊர்ச் சிற்றாறு!

வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆறு எப்படி இதைச் செய்யும்? இங்கேதான் நம் பாடம். மருதையாறு பெரம்பலூர் பக்கமிருந்து இறங்கி வந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. மேலே பெய்த மழை கீழே வர நேரம் பிடிக்கும். அதனால் பாலத்தருகே தூறல்கூட இல்லாத நேரத்திலும் வெள்ளம் வரலாம். பாலத்தின் தூண்கள் ஆற்றின் அகலத்தைக் குறுக்குவதால் அங்கே தண்ணீரின் வேகம் கூடும். தூணைச் சுற்றிச் சுழல் உண்டாகி அடிமண்ணைத் தோண்டும். இதற்குத்தான் 'ஸ்கவர்' என்று பெயர். பாலமும் மண்கரையும் சேரும் இடமும் அதேபோல் பலவீனமானது. அடியில் மண் போன பிறகும் தண்டவாளம் மேலே நேராகவே தொங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆபத்தே அதுதான்!

அதனால்தான் பாலத்தூணில் அபாய அளவைக் கோடு போட்டு வைக்கிறார்கள். மழைக்காலத்தில் முக்கியமான பாலங்களில் காவலாளி நிற்பார். கேங்மேன்கள் கையில் விளக்கும், வெடிக்கும் டெட்டனேட்டரும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாதையில் நடப்பார்கள். கரை அரித்திருந்தால் தண்டவாளத்தில் டெட்டனேட்டரைக் கட்டிவிடுவார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும்; டிரைவர் வண்டியை நிறுத்துவார். ஆயிரம் உயிர் அந்த ஒரு மனிதனின் நடையில் இருக்கிறது.

மீட்டர்கேஜ் 1990-களின் பிற்பகுதியில் அகலப்பாதையாக மாறியது. பிறகு மின்மயமும் இரட்டைப் பாதையும் வந்தன. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், கான்கிரீட் ஸ்லீப்பர், அதன் கீழே 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையான ஜல்லி. சரக்கு வேகனின் ஓர் அச்சு 20 டன்னுக்கு மேல் அழுத்தும். ஜல்லி அதைப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கிறது. மழைநீரையும் வடிய விடுகிறது. நம்ம பக்கத்துக் கரிசல் மண் வேறு, நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் மேலே எவ்வளவு நல்ல இரும்பு போட்டும் பிரயோஜனமில்லை.

பெரம்பலூர் நகரத்துக்கு இன்றும் ரயில் இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் லாரியில்தான் ஆலைக்குப் போகிறது. அந்தச் சாலைகள் படும் பாடு நாம் பார்ப்பதுதான். ரயில் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கேட்போம். ஆனால் வரும்போது சர்வே செய்யவும், கரை போடவும், மண் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடவும் போவது டிப்ளமோ முடித்த நம்மில் சிலராகத்தான் இருக்கும். அன்றைக்குத் திறப்பு விழா மேடையில் எஞ்சினுக்கு மாலை போடுவார்கள். கண்ணில் படாத மண்ணையும் ஜல்லியையும் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஜல்லியின் அளவையும் வடிகாலின் சரிவையும் இன்னொரு முறை சரிபார்ப்பது அப்போது நம் வேலை. மருதையாற்றில் போனவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.