சட்டத்தின் எல்லை எது?

குற்றத்தைத் தண்டிப்பது அரசாங்கத்தின் கடமை. ஒழுக்கக் கேட்டைத் தண்டிப்பதும் அதன் கடமையாகுமா? இக்கேள்வியை விலைமாதர் தொழிலோடு இணைத்துப் பேச நாம் கூசுகிறோம். ஆயினும், கூச்சத்தால் சிந்திக்காமல் விட்ட இடத்தில் அநீதி எளிதில் குடிபுகும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகின்றது.

1859-ஆம் ஆண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மீது சமூகம் அதிகாரம் செலுத்தலாம் என்பது அதன் சாரம்.

அடுத்த ஐந்தாண்டுகளில் அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. படைவீரரிடையே மேகநோய் பரவியதால், பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1864-இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது; 1866-லும் 1869-லும் அதனை விரிவாக்கியது. அதன்படி, சில படைநகரங்களிலும் துறைமுகங்களிலும், சாதாரண உடையணிந்த போலீஸார் ஒரு பெண்ணை விலைமகள் என்று ஐயுற்றாலே போதும். அவள் கட்டாய வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படலாம். நோய் காணப்பட்டால் மருத்துவமனையில் மாதக்கணக்கில் அடைபடலாம். அவளை நாடிய ஆடவருக்கோ இச்சட்டத்தில் பரிசோதனையே இல்லை!

இதனை எதிர்த்து ஜோசபைன் பட்லர் என்னும் பெருமாட்டி நாடெங்கும் கிளர்ச்சி நடத்தினார். 1871-இல் அரசாங்க விசாரணைக் குழுவின்முன் மில் சாட்சியம் அளித்தார். வெறும் ஐயத்தின்பேரில் ஒரு பெண்ணின் சுதந்திரத்தைப் பறித்தல் தகாது என்றார். பரிசோதனை செய்து தொழிலுக்குப் பாதுகாப்புத் தேடித் தருவது, அரசே அதனை ஆதரிப்பதாகத் தோன்றச் செய்யும் என்றும் கூறினார். மனைவிக்கு நோயைக் கொடுக்கும் கணவனையன்றோ சட்டம் பிடிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. 1886-இல் அச்சட்டம் நீக்கப்பெற்றது. இந்தியாவில் 1868-இல் இயற்றப்பட்ட அத்தகைய சட்டமும் 1888-இல் நீங்கியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தண்டனையை நீக்குதல் வேறு. அரசு உரிமம் தந்து மேற்பார்வையிடுதல் வேறு. இன்றைய சுதந்திரவாதிகள், வயதுவந்தோர் இருவர் மனமொப்பிச் செய்வதில் அரசுக்கு இடமில்லை என்பர். தடை விதித்தால் அப்பெண் போலீஸுக்கும் போக்கிரிக்கும் அஞ்சி வாழ நேரும் என்றும் வாதிப்பர். நியூசிலாந்து 2003-இல் இத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்வீடனோ 1999 முதல், விற்பவளை விட்டு, வாங்குபவனையே தண்டிக்கின்றது. பசியும் கடனும் துரத்த ஒருத்தி தரும் சம்மதம் உண்மைச் சம்மதமா என்பதே அத்தரப்பாரின் வினா. சிறுமியர் திறத்திலும், கடத்தப்பட்டோர் திறத்திலும், சுதந்திரவாதத்திற்கு இடமே இல்லை. தரகர் திறத்தில், மில்லே தம் நூலில் முடிவு கூறாது விட்டார்.

மாணவர்களே! நாளை நீங்கள் வாக்காளராவீர்கள்; சிலர் சட்டமும் இயற்றுவீர்கள். எந்தச் சட்டத்தையும், அது பறைசாற்றும் ஒழுக்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடாதீர்கள். அதன் பாரம் யார் தோளில் விழுகின்றது, யாரை அது தொடாமல் விடுகின்றது என்று கேளுங்கள். எளியவளைப் பிணித்து வலியவனை விடுவிக்கும் சட்டம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு பிறந்தாலும், நீதி ஆகாது.