பிராக் சுவரில் ஒரு பெயர்

லண்டனில் என்னோடு வேலை பார்த்த தோழி யூதப் பெண். அவளுடைய பாட்டி பிறந்தது செக் நாட்டின் பிராக் நகரில். 1939 கோடையில், ஒன்பது வயதில், கழுத்தில் எண் அட்டையோடு தனியாக ரயிலேறி இங்கிலாந்து வந்தவர். நிக்கலஸ் விண்டனும் நண்பர்களும் அப்படி 669 குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். தம்பிக்கு நான்கு வயதுதான். “இவனை அடுத்த ரயிலில் அனுப்பலாம்” என்றாராம் அம்மா. செப்டம்பர் 1ஆம் தேதி புறப்பட வேண்டிய அந்த ரயில், போர் மூண்டதால் புறப்படவே இல்லை.

வாழ்நாள் முழுக்க இதைப் பற்றிப் பேசாத பாட்டி, தொண்ணூறைத் தாண்டிய பிறகு பேத்தியிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி என்றைக்கு இறந்தான்?” நம் திதி போலவே யூதர்களும் ஆண்டுதோறும் இறந்த நாளில் விளக்கேற்றுவார்கள். நாள் தெரியாமல் எப்போது ஏற்றுவது?

இணையத்தில் முதலில் எதுவுமே கிடைக்கவில்லை. செக் மொழியில் தந்தை நோவாக் என்றால் மகள் நோவாகோவா. பாட்டியின் பெயரை அப்படியே தட்டினால் அப்பாவும் தம்பியும் எப்படி வருவார்கள்? (அடையாள அட்டையில் ஏ/பி போட்டுக்கொண்டு வெளிநாட்டில் திண்டாடியவள் என்பதால் இது எனக்குத்தான் முதலில் உறைத்தது!) ஆண்பால் பெயரைத் தட்டியதும் தம்பியின் பெயர் வந்தது. பாட்டியிடம் சொல்லும்முன் நேரில் பார்க்க வேண்டும் என்றாள் தோழி.

பிராக்கில் பிங்காஸ் என்ற பழைய யூத ஆலயம். உள்சுவர்கள் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள், ஏறக்குறைய 80,000. 1950களில் எழுதியவை கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அழிக்கப்பட்டு, 1990களில் மறுபடி எழுதப்பட்டன. கழுத்து வலிக்கத் தேடினோம். குடும்பப் பெயர், அடுத்து அப்பா, அம்மா, தம்பி. தம்பிக்குப் பிறந்த தேதி, பக்கத்தில் 6.10.1944.

அது இறந்த நாள் அல்ல. தெரெசின் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றிய நாள். நேராக விஷவாயு அறைக்குக் கொண்டுபோனவர்களுக்கு யாரும் மரணத்தைப் பதிந்து வைக்கவில்லை.

வெளியே வந்து தோழி போன் செய்தாள். எதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

“அப்படியானால் அவனுக்கும் ஒன்பது வயது” என்றார் பாட்டி.

யூத நாட்காட்டிப்படி ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அக்டோபர் 6 போதும் என்றுவிட்டார். அன்று மாலை தோழி எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். சமையலறைச் சன்னலோரம், கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவத்தி.