அடைக்கோழிக்கு 21 நாள்

கோலார் தங்கவயலில் லைன் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவை சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்டும் வேலையில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களில் இருந்து மக்கள் பிழைக்க வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கு அடியில் வேலை செய்தார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. மாதச் சம்பளமும் நின்றது. இப்போது பலர் விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவுதான் வீடு திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் நாலு நாட்டுக்கோழி இருந்தால் அது சின்ன உதவி அல்ல. அவசரத்துக்கு ஒரு சேவலை விற்கலாம். பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கலாம்.

நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை வரை இடும். பிறகு இடுவதை நிறுத்தி அடைக்கு உட்காரும். அப்போது வீட்டில் ஒரு கேள்வி வரும். முட்டையை விற்பதா, அடை வைப்பதா?

விற்றால் இன்றைக்கே காசு. அடை வைத்தால் 21 நாள் காத்திருக்க வேண்டும். குஞ்சு வளர இன்னும் சில மாதம் ஆகும். பத்துக் குஞ்சு பொரித்து, கடைசியில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியது என்றால் என்ன லாபம்? முட்டையையே விற்றிருக்கலாம். பல வீடுகளில் நடப்பது இதுதான். கோழி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நஷ்டம் மற்ற இடங்களில் வருகிறது.

எந்தக் கோழி, எந்த முட்டை?

அடைக்கு வந்த கோழியைக் கண்டுபிடிப்பது எளிது. கூட்டை விட்டு எழாது. தீனி குறையும். தொண்டைக்குள் கொர் கொர் என்று சத்தம் போடும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரியும். அந்தத் தோல் வழியாகத்தான் கோழியின் உடல் சூடு முட்டைக்கு நேராகப் போகிறது.

உட்கார்ந்த அன்றைக்கே நல்ல முட்டைகளை வைத்துவிடக் கூடாது. முதலில் இரண்டு சாதாரண முட்டையை வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். சில இளங்கோழிகள் ஒரு நாள் உட்காரும், மறுநாள் ஓடிவிடும். உறுதியாக உட்கார்ந்த பிறகு, பொழுது சாய்ந்ததும் முட்டைகளை மாற்றி வைக்கலாம். இருட்டில் கோழி மிரளாது.

சேவல் சேர்ந்த முட்டைதான் பொரிக்கும். பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். கடையில் விற்கும் பண்ணை முட்டையை அடை வைத்துப் பயன் இல்லை. முட்டைப் பண்ணையில் சேவலே இருக்காது. ஓடு பழுப்பு நிறமாக இருக்கிறது என்பதற்காக அது நாட்டு முட்டை ஆகிவிடாது.

முட்டை பழசாக இருக்கக் கூடாது. இட்ட ஒரு வாரத்துக்குள் அடை வைப்பது நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பது குறையும். முட்டை இட்ட அன்றே அதன் மேல் பென்சிலால் தேதி எழுதிவிட வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்ற குழப்பம் வராது. கூர்முனை கீழே இருக்கும்படி, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே பரண் மேல் வைத்தால் வெயில் நாளில் முட்டை கெட்டுப்போகும். கழுவக் கூடாது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. கழுவினால் அழுக்கு அந்தத் துளைகள் வழியாக உள்ளே போகும்.

ஒரு கோழிக்கு 8 முதல் 12 முட்டை போதும். உட்கார்ந்த கோழியின் இறகுக்கு வெளியே ஒரு முட்டையும் தெரியக் கூடாது. ஆசைப்பட்டு 15 வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்துபோகும். கோழி முட்டைகளை நகர்த்திக்கொண்டே இருக்கும். இன்று நடுவில் இருக்கும் முட்டை நாளை ஓரத்துக்கு வரும். அதனால் எல்லா முட்டையும் முறை வைத்துக் கெடும்.

கூடு

பழைய கூடை, மண்சட்டி, மரப்பெட்டி எதுவும் ஆகும். அடியில் மணலோ சாம்பலோ போட்டு, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். மணலைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கவயலைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளின் மண் பார்க்க மாவு போல மெத்தென்று இருக்கும். அது ஆலையில் அரைத்து, ரசாயனம் கலந்து, தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய கழிவு. கூட்டுக்கும் கோழி புரளும் குழிக்கும் அந்த மண் வேண்டவே வேண்டாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலே போதும்.

அடைக்கோழிக்குப் பேன் பெரிய தொல்லை. பேன் கடி தாங்காமல் கோழி கூட்டை விட்டுப் போய்விடும். வைக்கோலோடு வேப்பிலை கலந்து வைப்பது நம் மக்களின் பழைய வழக்கம். வைக்கோல் வெயிலில் காய்ந்த புதுசாக இருந்தால் பேன் தொல்லை குறையும்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று கூட்டில் இரும்புத் துண்டும் கரியும் போடுவார்கள். போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் முட்டை கெடுவதற்குக் காரணம் வேறு. கூட்டுக்குள் சாரல் அடிக்கிறது, வைக்கோல் நனைகிறது, கோழி பயந்து எழுந்து போகிறது. கூடு நனையாத இடத்தில் இருந்தால் பாதி பயம் தீர்ந்தது.

21 நாள் என்ன நடக்கிறது?

எகிப்து நாட்டில் பழங்காலத்திலேயே கோழி இல்லாமல் குஞ்சு பொரித்தார்கள். மண்ணால் அறை கட்டி, சாணம் எரித்துச் சூடு உண்டாக்கினார்கள். முட்டையைக் கண் இமையில் வைத்துச் சூடு சரிதானா என்று பார்ப்பார்களாம். இப்போது அந்த வேலையை மின்சார எந்திரம் செய்கிறது. எந்திரத்தில் சூட்டைச் சுமார் 37.5 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறார்கள். முட்டைகளைத் திருப்பிவிடுகிறார்கள். ஈரம் குறையாமல் பார்க்கிறார்கள். அடைக்கோழி இத்தனையும் தானே செய்கிறது. காவிரி நீரில் எடுத்த மின்சாரம் 1902-லேயே தங்கவயல் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. கோழிக்கு அதுவும் தேவை இல்லை.

கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கும். தின்னும், தண்ணீர் குடிக்கும், எச்சம் போடும், மண்ணில் புரளும். 15 அல்லது 20 நிமிடத்தில் திரும்பிவிடும். அதற்குள் முட்டை கெட்டுவிடாது. ரயிலுக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும் முன் கோழியை இறக்கித் தீனி காட்டலாம். அது மறுபடி ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கேழ்வரகு, நொய், சோளம் எதுவும் ஆகும். தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

ஏழு அல்லது எட்டாம் நாள் இரவு முட்டைகளைச் சோதிக்க வேண்டும். இருட்டு அறையில் டார்ச் விளக்கின் முகத்தில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்க்கலாம். உள்ளே ஒரு கரும்புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு இல்லை. அதை எடுத்துவிடலாம். கெட்ட முட்டை உள்ளேயே இருந்து வெடித்தால் மற்ற முட்டைகளும் பாழாகும்.

18-ஆம் நாளுக்கு மேல் முட்டையைத் தொடக் கூடாது. குஞ்சு வெளியே வரத் தயாராகிக்கொண்டிருக்கும். காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளேயே கீச் கீச் என்னும். தாய் அதற்குப் பதில் குரல் கொடுக்கும். குஞ்சின் அலகு நுனியில் சின்ன முள் போன்ற ஒன்று உண்டு. அதனால் ஓட்டைக் கீறி உடைக்கும். கீறல் விழுந்து முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் என்று ஓட்டை உரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டின் உட்தோலில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். பொறுத்திருப்பதே உதவி.

லைனே சேர்ந்து வைக்கும் அடை

பொரித்த பிறகுதான் பெரிய நஷ்டம் வருகிறது. காகம், பருந்து, பூனை, பெருச்சாளி, தெரு நாய் எல்லாம் குஞ்சுக்குக் காத்திருக்கும். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பெரிய கூடையில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து விடலாம். ரயிலுக்குப் போகிற வீட்டில் பகலில் ஆள் இருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கண் அங்கே ஒரு கூடைக்குச் சமம்.

அடுத்தது வெள்ளைக் கழிச்சல் நோய். இதை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இமயமலைப் பக்கத்தில் ராணிக்கெட் என்று ஓர் ஊர். 1920-களின் கடைசியில் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வந்துவிட்டால் இதற்கு மருந்து இல்லை. ஒரு வீட்டுக்கு வந்தால் லைன் முழுவதும் பரவும். முன்னதாகத் தடுப்பு மருந்து போடுவது ஒன்றே வழி. குஞ்சின் ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். இதற்கு லசோட்டா அல்லது எப்-1 என்று பெயர். எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமானதாகத்தான் வரும். ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சு உள்ள ஒரு வீட்டுக்காக ஒரு குப்பியை யார் திறப்பார்கள்? அதனால் போடாமலே விட்டுவிடுகிறார்கள். நோய் வந்ததும் எட்டும் போய்விடுகிறது.

இதற்கு வழி அடை வைக்கும் நாளிலேயே இருக்கிறது. ஒரே லைனில் மூன்று நாலு வீட்டில் கோழி அடைக்கு வந்திருந்தால் எல்லோரும் ஒரே நாளில் முட்டை வைக்க வேண்டும். குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்கும். ஏழாம் நாளும் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். அரசுக் கால்நடை மருத்துவமனையில் முன்பே சொல்லி வைத்து ஒரு குப்பி வாங்கினால் போதும். மிச்ச மருந்தைப் பெரிய கோழிகளுக்கும் விடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. மூன்று கோழிக்குப் பத்துப் பத்து முட்டை வைத்ததாக வைத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் டார்ச் வைத்துப் பார்த்தால் ஒன்றில் 8, ஒன்றில் 7, ஒன்றில் 5 நல்ல முட்டை. மொத்தம் 20. இதை இரண்டு கோழிகளே அடை காத்துவிடும். எந்த முட்டை யாருடையது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் சண்டை வராது. மூன்றாவது கோழியின் அடையைத் தெளிய விடலாம்.

அடை தெளிய வைப்பதற்கென்று கோழியின் மூக்கில் இறகு செருகுவார்கள். தண்ணீரில் முக்குவார்கள். அது கொடுமை. காற்றோட்டமான கம்பிக்கூட்டில், கீழே வைக்கோல் இல்லாமல், மூன்று நாலு நாள் வைத்தாலே போதும். வயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணியும். தீனியும் தண்ணீரும் நிறையக் கொடுக்க வேண்டும். அது சீக்கிரம் மறுபடி முட்டை இடும்.

கர்நாடகத்தில் சிலர் கிரிராஜா கோழி வளர்க்கிறார்கள். பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான இனம் அது. நாட்டுக்கோழியைவிட முட்டை அதிகம். ஆனால் அடைக்கு உட்காராது. அடை உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டை இடாது. அதனால் முட்டைக்காக வளர்க்கும் இனங்களில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அந்த முட்டையைப் பொரிக்க வைக்கவும் நாட்டுக்கோழியின் தயவு வேண்டும். முட்டை பெரிது என்பதால் ஏழு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. பொரிக்கும் குஞ்சுகளும் தாய் தகப்பனைப் போலவே வளரும் என்று சொல்ல முடியாது. அவை கலப்பினம்.

குஞ்சு பொரித்த முதல் இரண்டு நாள் தீனி இல்லாவிட்டாலும் தாங்கும். மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் மிச்சம் இருக்கும். தண்ணீரை மட்டும் ஆழம் இல்லாத தட்டில் வைக்க வேண்டும். தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு முங்காது. பிறகு உடைத்த கேழ்வரகும் பொடி நொய்யும் போடலாம். உப்பும் காரமும் சேர்ந்த மீந்த சோறு ஆகாது. கரையான் கிடைத்தால் மிக நல்லது. பழைய பானையில் ஈர வைக்கோலும் சாணமும் அடைத்து, கரையான் புற்று அருகே மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும்.

இரண்டு மாதம் போல ஆனதும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அது மறுபடி முட்டைக்குத் தயாராகிறது. குஞ்சுகளுக்கு இரண்டாவது ஊசியும் அதே சமயத்தில்தான் வருகிறது. அந்தத் தேதியை, அடை வைத்த அன்றே எண்ணி, சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.