மரண தண்டனை பெற்ற சட்டப்பிரதிநிதி

சட்டப் புத்தகத்தில் ஓர் உரிமை எழுதப்பட்டிருப்பது வேறு. அந்த உரிமையைக் குடிமகன் ஒருவன் கையாள முடிவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைத் தம் வாழ்நாளைக் கொடுத்து அளந்தவர், உக்ரைன் நாட்டு வக்கீல் லெவ்கோ லுக்கியானென்கோ.

1928 ஆகஸ்டு 24-ஆம் நாள் செர்னிஹிவ் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த அவர், மாஸ்கோ சர்வகலாசாலையில் சட்டம் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். பின்னர் லிவிவ் வட்டாரத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தினார்.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1936-ஆம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, யூனியனிலிருந்து விலகிச் செல்லும் உரிமை ஒவ்வொரு குடியரசுக்கும் உண்டு என்று கூறிற்று. ஆனால் அவ்வுரிமையைச் செயற்படுத்தும் முறை யாதென்று விளக்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. அத்தகைய சட்டம் 1990-இல்தான் வந்தது!

லுக்கியானென்கோ அந்தப் பிரிவைச் சொல்லுக்குச் சொல் நம்பினார். உக்ரைன் மக்களிடம் அமைதியான முறையில் கருத்துக் கேட்டு, சட்டப்படியே விலகலாம் என்பது அவர் வாதம். அதற்காக 1959-இல் தொழிலாளர், உழவர் சங்கம் ஒன்றை அமைத்தார். ஆயுதம் ஏந்தவில்லை, எழுதி வைத்தது ஒரு வேலைத்திட்டமே. 1961 ஜனவரியில் அவர் கைதானார். உடன் குற்றஞ்சாட்டப்பட்டோரிலும் சட்டம் கற்றவர்கள் இருந்தமையால், ‘சட்ட வல்லுநர் வழக்கு’ என்றே அது பெயர் பெற்றது. மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. தேசத்துரோகக் குற்றத்திற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 72 நாட்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பின், அத்தண்டனை 15 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

1976-இல் விடுதலையான அவர் ஓய்ந்திருக்கவில்லை. மனித உரிமைகளைக் கண்காணிக்கும் உக்ரைன் ஹெல்சிங்கிக் குழுவை நிறுவியோருள் ஒருவரானார். அதன் பயன், 1977-இல் மறுபடியும் கைது; 10 ஆண்டுச் சிறையும் 5 ஆண்டு நாடுகடத்தலும் தண்டனை. 1988-இல் விடுதலை பெற்றபோது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலும் நாடுகடத்தலிலும் கழிந்திருந்தன.

1990 மார்ச்சுத் தேர்தலில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். மறு ஆண்டு ஆகஸ்டு 19-இல் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும், சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை எழுதும் பணி அவரிடம் வந்தது. சுருக்கமான அவ்வாசகம், ஐக்கிய நாடுகளின் சாசனம் கூறும் சுயநிர்ணய உரிமையை ஆதாரமாகக் காட்டிற்று. 1991 ஆகஸ்டு 24 அன்று 346 உறுப்பினர்கள் ஆதரிக்க, அது நிறைவேறியது. அன்று அவருக்கு 63-ஆவது பிறந்த நாள். கம்யூனிஸ்டுகளே பெரும்பான்மையாக இருந்த சபை அது என்பது நினைவில் வைக்கத்தக்கது. டிசம்பர் 1-ஆம் நாள் பொது வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் அதை உறுதி செய்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்டதும் இத்தகைய வாக்கெடுப்பைத்தான்.

அதே நாளில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பின்னர் கனடாவில் தூதராகவும், மீண்டும் பாராளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் யூதர்களைக் குறித்து அவர் கூறிய சில கருத்துகள் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயின, அதனையும் மறைத்தலாகாது. 2018 ஜூலை 7-ஆம் நாள் அவர் காலமானார்.

ஏட்டிலே உறங்கிய ஒரு பிரிவை உண்மையென்று எடுத்துக்கொண்டதே இவர் செய்த குற்றம். அரசியல் சட்டத்தின் கீழ் வாழும் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு இது.