பிரவுசிங் சென்டரில் தங்கிவிடும் உங்கள் ஆதார்

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சிப்காட் போகிற வழியிலும் உள்ள பிரவுசிங் சென்டர்களை விடுமுறை நாளில் பாருங்கள். பி.எஃப். பணம் எடுக்க, ஆதார் பிரிண்ட் எடுக்க, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க என்று ஆட்கள் நிற்பார்கள். முறை வந்ததும் ஆதார் எண்ணைச் சொல்கிறார்கள். போனில் வந்த ஓ.டி.பி.யையும் உரக்கச் சொல்கிறார்கள். பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கணினிக்குள் என்ன தங்கிவிட்டது என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட கடைகளில் விண்டோஸ் 7 இன்னமும் ஓடுகிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கடைக்காரரைக் கேட்டால், பத்திரம் அடிக்கும் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் புதிய கணினியில் ஒழுங்காக வருவதில்லை என்பார். பத்திரம் அடிக்க அந்தக் கணினி இருக்கட்டும். அதிலேயே ஊராரின் வங்கிக் கணக்கையும் திறப்பதுதான் ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் திருத்தம் போடாத விண்டோஸ் கணினிகளைத் தேடித் தாக்கியபோது, பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளே முடங்கின. தெருமுனைக் கடை எம்மாத்திரம்?

வைரஸ்கூட வேண்டாம். ஆதார் பி.டி.எஃப். கோப்பின் கடவுச்சொல் என்ன? ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. கோப்பு கையில் இருந்து, உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம். 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், பொதுக் கணினியில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அறிவித்தது. நல்ல அறிவுரை. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. புரியும்படி எழுதி மறுபடி வெளியிட்டிருக்க வேண்டும், அறிவிப்பையே எடுத்துவிட்டார்கள்.

எனவே நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும். கூடுமானவரை எல்லாவற்றையும் சொந்தப் போனிலேயே செய்யுங்கள், பி.எஃப்.புக்கு உமங், ஆதாருக்கு ஆதார் ஆணையத்தின் செயலி போதும். பிரிண்ட் வேண்டுமானால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' எடுங்கள். கடைக் கணினிதான் கதி என்றால் ஓ.டி.பி.யை நீங்களே தட்டுங்கள். கடைக்காரரின் மெயிலையோ போன் எண்ணையோ உங்கள் கணக்கில் பதிய விடாதீர்கள். கிளம்பும் முன் லாக்அவுட் செய்து, டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் உள்ளதை அழித்து, போனில் வாட்ஸ்அப் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் அந்தக் கணினி இருந்தால் நீக்கிவிடுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியில் உண்டு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மறுபடியும் சொல்கிறேன்: ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டால் பலரும் முதலில் ஓடுவது அதே கடைக்கு, சண்டை போட. அந்த ஒரு மணி நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். புகாரின் ஒப்புகை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வங்கியின் இலவச எண்ணில் கணக்கை முடக்கச் சொல்லி, அன்றைக்கே எழுத்திலும் புகார் கொடுங்கள். கிளையில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் உங்கள் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தேதி போட்ட முத்திரை அதற்குத்தான்.

எல்லைப் பகுதியில் இன்னொரு தொல்லை. வீடு ஓசூரில், வேலை பொம்மசந்திராவில், வங்கிக் கணக்கு பெங்களூரில். இங்கே காவல் நிலையம் போனால் "அத்திப்பள்ளிக்குப் போங்க", அங்கே போனால் "ஓசூருக்குப் போங்க". இந்த அலைக்கழிப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஓசூரில் மறுத்தால் 173(4)-ன்படி கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு எழுதுங்கள். 1930 ஒப்புகை எண், வங்கிக்குக் கொடுத்த மனுவின் நகல், கணக்கு அறிக்கை, மறுத்த நிலையத்தின் பெயர், தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கடைக் கணினியிலிருந்துதான் உங்கள் அடையாளம் திருடப்பட்டது என்று தெரிந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவையும் புகாரில் குறிப்பிடுங்கள். 3 ஆண்டு வரை சிறை உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. எப்படி எழுதுவது என்பதை 14448-ல் தமிழிலேயே கேட்கலாம். தாளில் அனுப்புவதானால் சண்டிகர் செக்டார் 17-ல் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்கு, முத்திரை வாங்கிய அந்த நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.